நாலு விரல்கடை

கண்ணாடியைப் படுக்கப்போட்டுத் தூக்கக் கூடாது. படுத்த கண்ணாடி தன் கனத்திலேயே நடுவில் தொய்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும். நிறுத்திவிட்டால் அதற்கு ஒரு முதுகெலும்பு வந்துவிடுகிறது. அதனால் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். ஒரு கை அடிவிளிம்பில், தோல் பட்டையோடு. மறுகை மேலே, சாயாமல் அணைத்தபடி. பெரிய கண்ணாடி என்றால் இரண்டு பேர். முன்னால் நடப்பவரை அந்தக் கடையில் முன்கை என்பார்கள், பின்னால் வருபவர் பின்கை. வழி முன்கையின் பொறுப்பு. "படி", "திருப்பம்", "ஆள்" என்று கூவிக்கொண்டே போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. கண்ணாடி பின்கையின் பொறுப்பு. முன்கை எப்படிப் போகிறாரோ அதற்குத் தகுந்தபடி அவர்தான் தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். கை நழுவினால் பிடிக்கப் பார்க்காமல் விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். வித்தை இவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருக்கும் கால் ஒத்துவர ஒரு வருஷமாவது ஆகும்.

பதினெட்டு வருஷமாக அங்கே பெரியவள்தான் முன்கை. அவள் வீட்டுக்காரர் பின்கை. கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. அவர் தம்பி சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். தம்பி மனைவி சின்னவள், அடுத்த தெருவில் இருந்தாள். இரண்டு மருமகள்கள் என்பதால் பெரியவள், சின்னவள். அந்தப் பேரில் ஒரு கோணல் உண்டு. பெரியவள் குள்ளம். சின்னவள் நெடுநெடுவென்று இருப்பாள். மேலே கை நீட்டினாளென்றால் மின்விசிறி இறக்கையைத் துடைத்துவிட்டு வருவாள். பெரியவள் அவளுக்கு மனதுக்குள் ஏணி என்று பேர் வைத்திருந்தாள். வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள்.

பெரியவளின் முதுகு போனது பெரிய கண்ணாடியால் அல்ல. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்பது கிலோக் கண்ணாடியை மூன்று மாடி ஏற்றியவள். அன்றைக்குக் கழிவுப் பெட்டிக்குள் விழுந்துவிட்ட ஒரு துண்டை, உள்ளங்கை அகலம்கூட இருக்காது, குனிந்து இடப்பக்கம் திரும்பி எடுக்கப் போனாள். இடுப்பில் சுவிட்சைப் போட்ட மாதிரி ஒன்று ஓடி இடது கால் வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கியது. அப்படியே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"என்ன தேடுற உள்ள?" என்று கேட்டார் அவர், வெட்டு மேசையிலிருந்து.

"என் முதுகைத் தேடுறேன். வாங்க இங்க."

மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, கத்தி வைக்கத் தேவையில்லை என்றார். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ அடுத்த நிமிஷம் வண்டி ஏறி வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மற்றபடி படுத்தே கிடக்காதே, பயிற்சி செய், கனம் தூக்காதே. பயிற்சிக்கு ஒரு பிசியோ அம்மாவிடம் அனுப்பினார்.

பிசியோ அம்மா கட்டைக் குரல்காரி. முதல் நாளே கேட்டாள்: "கண்ணாடியை அடுக்கும்போது ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல என்ன வெப்பீங்க?"

"கார்க் பில்லை. இல்லேன்னா பேப்பர்."

"எலும்புக்கு எலும்பு நடுவுலயும் பில்லை இருக்கு. நீங்க குனியும்போது முன்பக்கம் நசுங்குது, உள்ள இருக்கிறது பின்பக்கம் பிதுங்குது. பின்னாடிதான் கால் நரம்பு போகுது. அது மேல போய் இடிக்குது. புரியுதா?"

"பில்லைய மாத்த முடியாதா?"

"மாத்த வேணாம். அதுவா சுருங்கி உள்ள போகும், நீங்க அதைத் திரும்பத் திரும்பப் பிதுக்காம இருந்தா. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. பயிற்சி பண்ணும்போது கால் வலி மேல ஏறி இடுப்புல வந்து நின்னா நல்லது, இடுப்பு கூடுதலா வலிச்சாலும் பரவாயில்ல. இடுப்புல இருக்கிற வலி காலுக்கு எறங்குச்சுன்னா, அந்த நொடியே நிறுத்திடணும். வீம்பு பண்ணக் கூடாது."

அவள் கொடுத்த பயிற்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லை. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையை உயர்த்துவது ஒன்று. தவழும் குழந்தை மாதிரி நான்கு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் ஒருசேர நீட்டிப் பத்து எண்ணுவது இன்னொன்று. பிறகு கை கால் மாற்றி. நீட்டும்போது முதுகு இப்படி அப்படிச் சாயக் கூடாது. சாய்கிறதா என்று அவளுக்கே எப்படித் தெரியும்? பெரியவள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையில் ரசமட்டம் இருந்தது, ஒரு முழ நீளச் சட்டத்தின் நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. அலமாரி பொருத்தும்போது மட்டம் பார்க்கிற சாமான். அதை அவரிடம் கொடுத்துத் தன் இடுப்பில் குறுக்காக வைக்கச் சொன்னாள். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மேடு.

"வலப்பக்கம் தூக்குது," என்பார் அவர், தரையில் மண்டியிட்டுக் குமிழியைப் பார்த்தபடி.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ஆங்... நடுவுல. அசையாத."

பிசியோ அம்மா இதைக் கேட்டுவிட்டு அரை நிமிஷம் சிரித்தாள். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் சொல்வதற்காகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரியவளுக்கு அன்றைக்கெல்லாம் அந்தப் பெருமை போதுமானதாக இருந்தது.

வாழ்க்கையே பாடம் மாதிரி ஆகிவிட்டது. எழுந்திருக்க வேண்டுமென்றால் நேராக எழக் கூடாது. கட்டை உருளுகிற மாதிரி ஒருக்களித்து, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பல் துலக்கும்போது ஒரு காலைச் சின்ன முக்காலியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தொட்டியில் ஊன்ற வேண்டும். தும்மல் வந்தால் நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் என்பது இனிமேல் இரண்டு அரை வாளி. இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. காலையும் மாலையும் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் அவள் ஒழுங்காகச் செய்தாள். கீழே கடையில் யார் முன்கை என்பதுதான் செரிக்கவில்லை.

முதல் வாரம் ஒரு கூலி ஆளை வைத்துப் பார்த்தார்கள். அவன் இரண்டாம் நாளே, "அருவா மேல நடக்கிற மாதிரி இருக்கு அண்ணே," என்று போய்விட்டான். அப்போதுதான் சின்னவள் வந்து நின்றாள்.

"நான் வரட்டா அக்கா? வீட்ல சும்மாதான இருக்கேன். தையல் மெஷினும் ரிப்பேர்."

"உனக்கு எதுக்கும்மா இந்தத் தலவலி," என்றாள் பெரியவள். அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். ஆனால் அவர் திறந்துவிட்டார்.

"வரட்டுமே. கை நீளமா இருக்கு. பழகிக்குவா."

கை நீளமா இருக்கு. பதினெட்டு வருஷத்தில் அவள் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

சின்னவள் பழகிக்கொண்டாள், அதுவும் நாலே நாளில். தோல் பட்டையைக் கையில் மாட்டுகிற விதம், தூக்குவதற்கு முன் மூச்சைப் பிடிக்காமல் விடுகிற விதம், எல்லாம். பெரியவள் தன் பாயைக் கடைக்குள்ளேயே கொண்டுவந்து, கண்ணாடிச் சட்டங்களுக்குப் பின்னால் விரித்துவிட்டாள். மேலே தனியாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். உண்மையில் அங்கே படுத்துத் தலையை உயர்த்தினால் இரண்டு பேரும் நடப்பது நன்றாகத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பார்ப்பாள். சின்னவள் ஏதோ சொல்வாள், அவர் சிரிப்பார். எண்ணிக்கை எங்கே போயிற்று என்று தெரியாது. மறுபடி ஒன்று, இரண்டு.

அவருக்கு வேலைநேரத்தில் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

ஒருநாள் காலையில் அவள் கீழே வந்தபோது வெட்டு மேசை உயரமாக இருந்தது. நான்கு காலுக்கும் கீழே மரக்கட்டை கொடுத்திருந்தது.

"யாரு பண்ணது?"

"நான்தான்க்கா," என்றாள் சின்னவள். "குனிஞ்சு குனிஞ்சு வெட்டினா எனக்கும் உங்கள மாதிரி ஆகிடும்ல? நாலு விரல்கடைதான் ஒசத்தினேன்."

அந்த மேசை கடை திறந்த வருஷம் அவளுக்காகவே அளவெடுத்துப் போட்டது. அவள் முழங்கைக்குச் சரியாக வரும். உயரமான மனுஷன் பதினெட்டு வருஷமாக அதில் குனிந்துதான் வெட்டினார். இப்போது அவள் விளிம்பில் கை வைத்துப் பார்த்தாள். தோள் தூக்கிக்கொண்டது.

"நல்லதா போச்சு," என்றாள். "நானா இனிமே வெட்டப் போறேன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"வேற எப்படிச் சொல்றது? நீயே சொல்லிக் குடு."

எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அவள் அதைத் தன் முதுகிலேயே கொட்டினாள். நடந்தது இதுதான்: அன்று மத்தியானம் சின்னவள் கீழே விழுந்த பென்சிலை, முட்டியை மடக்காமல், அப்படியே ஒடிந்த மாதிரி வளைந்து எடுத்தாள். உள்ளங்கை தரையில் பட்டது. "உடம்பா ரப்பரா?" என்று அவர் கேட்டார். பெரியவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேராக நின்றாள். முட்டியை மடக்காமல் குனிந்தாள். விரல் முட்டிக்குக் கீழே ஒரு சாண் போயிற்று. இடுப்பில் இருந்த வலி அசைந்து தொடைக்கு வந்தது. பிசியோ அம்மாவின் கட்டைக் குரல் காதில் கேட்கத்தான் செய்தது. இன்னும் ஒரு சாண் என்று குனிந்தாள். தொடையிலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து கட்டைவிரல். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி தரைக்கு வந்தாள்.

அடுத்த நாள் பிசியோ அம்மா அவள் காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை எதிர்த்துத் தள்ளச் சொல்லிப் பார்த்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம மூணு வாரம் பின்னாடி போயிட்டீங்களா?"

"...குனிஞ்சு காலத் தொட்டுப் பாத்தேன்."

"யாரு சொன்னது?"

"ஓரகத்தி தொட்டா."

பிசியோ அம்மா பேனாவை மூடினாள். "அவங்க முதுகு அவங்களுக்கு. கால் தொடுறது நல்ல பயிற்சிதான், உங்களுக்கு இல்ல, இப்ப இல்ல. பொறாமைக்கு நான் மருந்து குடுக்க முடியாது. ஆனா அது உங்க நரம்பை இழுத்துக்கிட்டு இருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. குப்புறப் படுங்க."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வழியில் ஆட்டோக்காரரிடம் தேவையில்லாமல் சண்டை போட்டாள்.

அந்த வாரம்தான் கண்ணாடிகள் மூலை உடைய ஆரம்பித்தன.

முதலில் ஒரு சாளரக் கண்ணாடி. வாசற்படியைத் தாண்டும்போது "டிக்" என்று ஒரு சத்தம். கீழ் மூலையில் நகக்கண் அளவு தெறித்திருந்தது. கண்ணாடியில் நகக்கண் அளவு என்பது கிடையாது. மூலை போனால் முழுசும் போனது. அந்தப் புள்ளியிலிருந்து என்றைக்காவது கோடு ஓடும். அடுத்த நாள் இன்னொன்று, அதே வாசற்படி, அதே கீழ் மூலை.

"படின்னு கூவினாளா?" என்று பாயிலிருந்து கேட்டாள் பெரியவள்.

"கூவினேன்க்கா."

"எப்ப? தாண்டினதுக்கு அப்புறமா?"

"முன்னாடியே கூவினேன். மாமாவக் கேளுங்க."

"கூவினா," என்றார் அவர்.

"அப்ப வேகமா நடந்திருப்பா. உசரமா இருந்தா மட்டும் போதுமா? முன்கைன்னா பின்னாடி வர்றவர் காலும் மனசுல இருக்கணும். என் கையில பதினெட்டு வருஷத்துல எத்தன மூல போயிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். "ஒண்ணும் போகல."

அன்றைக்குப் பெரியவள் பத்து எண்ணிக்கையை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. குமிழி நடுவிலேயே நின்றது. சோறு இறங்கிற்று.

அந்த நேரத்தில் மருந்துக்கடை வேலை வந்தது. தெருமுனையில் புதிதாகப் பெரிதாக்கிய மருந்துக்கடை. காட்சி அலமாரிக்கு ஆறு தள்ளுகதவுக் கண்ணாடி, எட்டு மில்லி தடிமன், இரண்டு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம். கண்ணாடிக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. மீட்டருக்கு மீட்டர், ஒரு மில்லி தடிமன் இருந்தால் இரண்டரை கிலோ. ஆக ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. மருந்துக்கடைக்காரர் வந்து கண்ணாடி அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறும் சுத்தமா வரணும். மூல உடஞ்சது, ஒட்டுப்போட்டதுன்னு ஒண்ணும் வேணாம். உங்க வீட்டம்மா தூக்கினப்போ நான் யோசிக்கவே மாட்டேன். இப்ப எப்படி?"

சின்னவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பெரியவள் பாயில் படுத்தபடி கூரையைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

முதல் கண்ணாடியை அவர்கள் எடுத்தபோது அவள் நான்கு காலில் நின்றிருந்தாள். முதுகு, தோள், இடுப்பு என்று இரண்டு மாதமாக வேறு நினைப்பே இல்லாமல் இருந்தவளுக்குக் கண் பழகிப்போயிருந்தது. தெருவில் போகிறவர்களைப் பார்த்தாலே யார் இடுப்பை மடக்குகிறார்கள், யார் முட்டியை மடக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு சின்னவளிடம் குறை தேடினாள். குறை இல்லை. முதுகு நேராக இருந்தது. முட்டி மடங்கியது. அடி நிதானமாக விழுந்தது. "படி" என்றாள், இரண்டு எட்டு முன்னாலேயே.

குறை பின்னால் இருந்தது.

அவர் வலப்பக்கமாகச் சரிந்து நடந்தார். வலது தோள் இறங்கி, இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, கண்ணாடியின் பின்மூலை தரையைத் தொடப்போகிற மாதிரி. சின்னவளும் அவரும் ஒரே உயரம். அவர் ஏன் அப்படி இறங்குகிறார்? பெரியவள் நீட்டிய கையை மடக்கினாள். நாலு விரல்கடை இருக்கும் அந்த இறக்கம்.

பதினெட்டு வருஷம் அவள் முன்னால் போனாள். முன்கை திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் அவர் எப்படி வருகிறார் என்று அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

நிறுத்திய கண்ணாடியில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் கனம் சரிபாதி. ஒரு பக்கம் தாழ்ந்தால், கண்ணாடியின் உடம்பெல்லாம் கைக்கு மேலே இருப்பதால், கனம் தாழ்ந்த பக்கத்துக்குச் சரியும். குள்ளமானவள் முன்னால், உயரமானவர் பின்னால் என்றால், அவர் நிமிர்ந்து நடந்திருந்தால் பாதிக்கு மேல் அவள் தலையில்தான் விழுந்திருக்கும். விழவில்லை. கண்ணாடி எப்போதும் மட்டமாகவே போயிற்று. அவள் அது தன் கைவாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது முன்னால் உயரமானவள். உடம்புக்கு அது தெரியவில்லை. அது குள்ளமானவளுக்காகவே இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் பின்மூலை படியில் இடித்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. உடனே மூன்றாவதாக ஒன்று வந்தது: இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் நிமிர்ந்துகொள்வார். ஏணிக்கும் அவருக்கும் கால் ஒத்துப்போகும். பிறகு முன்கை என்று ஒருத்தி இருந்தாள் என்பதையே கடை மறந்துவிடும். சொல்லாவிட்டால் மூலை உடையும். உடைந்தால் பழி சின்னவளுக்கு. நாலு நாளில் அவளே தையல் மெஷினைப் பார்க்கப் போய்விடுவாள்.

முதல் கண்ணாடி தப்பிவிட்டது. நல்ல வேளை என்றார் அவர். பெரியவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதும் தப்பிவிட்டது. அவள் அன்று மாலை நடக்கப் போகும்போதும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் படுக்கையிலிருந்து எழும்போது, நேராக எழுந்து, வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பிடிப்பு."

"எத்தன நாளா?"

"இருக்கும், ரெண்டு மூணு வருஷம். தைலம் தேச்சா போயிடும்."

அதற்கும் அவள் சொல்லவில்லை.

மூன்றாவது கண்ணாடி வாசற்படியில் இடித்தது. இந்தத் தடவை "டிக்" இல்லை. மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஓடிற்று, நீளமாக, சத்தமே இல்லாமல். "விடு!" என்று அவர் கத்தினார். சின்னவள் விட்டுவிட்டு விலகினாள். அவர் விலகவில்லை, இடுப்புப் பிடிப்போ என்னவோ, கால் ஒரு நொடி தாமதித்தது. நாற்பது கிலோ கண்ணாடி படியில் சிதறி, ஒரு நீளத் துண்டு அவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் குத்தி நின்று, பிறகு சாய்ந்தது.

பெரியவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உருண்டு, கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறாள் என்பது அப்புறம் தெரிந்தது.

"நான் கூவினேன்," என்றாள் சின்னவள். "சத்தியமா கூவினேன்க்கா. என்னால ஆகல. நான் வேணாம். அக்கா சரியாகிற வரைக்கும் வேற யாரயாவது பாருங்க மாமா." தோல் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த உயரமான மேசையில்.

பெரியவள் வேண்டியது நடந்துவிட்டது. அவள் தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அவர் பாதத்தைப் பார்த்தாள். ரப்பர்ச் செருப்பு, நரம்பு புடைத்த பாதம்.

"பட்டைய மாட்டு," என்றாள்.

"அக்கா?"

"மாட்டுன்னு சொல்றேன்ல. ஏங்க, இதக் கூட்டி ஒதுக்கிட்டு நாலாவதை எடுங்க. நடக்க வேணாம். தூக்கி நில்லுங்க, போதும்."

"இப்பவா? பயந்துபோயிருக்கா அவ."

"நின்னா போதும்னுதான சொல்றேன்."

துண்டுகளைக் கூட்டி ஒதுக்கினார்கள். பிறகு நாலாவதைத் தூக்கி நின்றார்கள். பெரியவள் பாயிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தாள். முக்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி, கண்ணாடியின் மேல்விளிம்பில் நீளவாட்டில் அதை வைத்துப் பிடித்துக்கொண்டாள். குமிழி ஒரே ஓட்டமாக முன்பக்கம் ஓடி, குழாயின் முனையில் போய் ஒட்டிக்கொண்டது.

"எந்தப் பக்கம் மேடு?" என்றாள்.

"முன்பக்கம்," என்றார் அவர்.

"நான் தூக்கிப் பிடிச்சிட்டேனா?" என்றாள் சின்னவள்.

"நீ சரியாத்தான் பிடிச்சிருக்க. பின்கை தாழ்ந்திருக்கு. ஏங்க, உங்க தோள்பட்டை எங்க இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்தும் புரியவில்லை. "எப்பவும் இப்படித்தான தூக்குவேன்."

"எப்பவும் இப்படித்தான் தூக்குனீங்க. எனக்கு. முன்னாடி நிக்கிறது நான் இல்ல."

அவர் முன்னால் நின்ற சின்னவளின் தலையைப் பார்த்தார், பிறகு மறுபடி தன் தோளைப் பார்த்தார்.

"நிமிந்து நில்லுங்க," என்றாள் பெரியவள். "இடுப்ப நேராக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

குமிழி மெதுவாக நகர்ந்து நடுவுக்கு வந்தது.

"ஆங்," என்றாள். "அசையாதீங்க."

"அடேயப்பா," என்றார் அவர். "பாதிக் கனம் எறங்கிப்போச்சு."

"எறங்கத்தான் செய்யும். இவ வந்த நாளா முக்கால்வாசியும் உங்க இடுப்புல இருந்துச்சு. இப்படியே போனா இன்னும் நாலு வருஷத்துல எம்பக்கத்துல இன்னொரு பாய் விரிக்க வேண்டியதுதான். பிசியோ அம்மாவப் போய்ப் பாருங்க. தைலமாம் தைலம்."

சின்னவள் திரும்பிப் பார்த்துவிட்டாள், முன்கை பார்க்கக் கூடாது என்பதை மறந்து. "அக்கா, உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

பெரியவள் முக்காலியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினாள். "நேத்தே தெரியும்," என்றாள். "மொதக் கண்ணாடியிலயே தெரியும். நடங்க, வழியப் பாத்து."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து, "படி," என்றாள். கண்ணாடி வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வெயிலில் ஒருதரம் மின்னியது. இரண்டு பேரும் ஒரே உயரமாக, ஒரே அடியாக நடந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாய்க்குத் திரும்பிப்போய்க் குப்புறப் படுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நின்றுவிட்டது.

உடைந்ததற்குப் பதில் ஒன்று வெட்டி ஆறையும் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சின்னவள் தொடர்ந்து வந்தாள். நாலைந்து நாள் பெரியவளிடம் அளந்துதான் பேசினாள். பிறகு ஒருநாள் மேசைக்கு முன்னால் ஒரு தட்டுப் பலகை கிடந்தது, நாலு விரல்கடை தடிமனில்.

"ஏறி நின்னு பாருங்கக்கா. முழங்கைக்குச் சரியா வருதா?"

வந்தது. பெரியவள் அதில் நின்று வெட்ட ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் வெட்டு, பிறகு நடை, பிறகு வெட்டு. அவரும் ஒரு பாய் வாங்கிக்கொண்டார். காலையில் இரண்டு பேரும் நான்கு காலில் நின்று, சின்னவள் வந்து கதவைத் தட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். வலி கெண்டைக்காலைவிட்டு ஏறி, தொடையைவிட்டு ஏறி, இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்து உட்கார்ந்தது. பொறாமை அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டால் அவள் கண்ணாடி வெட்டும் சக்கரம் ஒரு நொடி நிற்கும். நின்றால் கோடு கோணலாகிவிடும் என்பதால் நிற்காமல் இழுக்கப் பழகிக்கொண்டாள்.

பதினாலாவது வாரம் பிசியோ அம்மா சொன்னாள்: "இடுப்பு உயரத்துலேர்ந்து, ரெண்டு கையில, அஞ்சு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் வேணாம்."

பெரியவள் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். மீட்டருக்கு மீட்டர், மில்லிக்கு இரண்டரை. நாலு மில்லி என்றால் பத்து. பாதி அகலம் என்றால் ஐந்து. மறுநாள் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடி வெட்டி, விளிம்பு தேய்த்து, மேசையில் நிறுத்தினாள். தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டுச் சாளரத்துக்கு. தோல் பட்டையை மாட்டிக்கொண்டு முன்பக்கம் போய் நின்றாள்.

"ஏங்க. வாங்க."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுக்கு ரெண்டு பேரா? நான் ஒத்த ஆளா கொண்டுபோய் வெச்சிடுவேனே."

"நீ வெப்ப. அது எனக்குத் தெரியாதா? நீ போய்த் தெருவுல வண்டி வருதான்னு பாரு."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

அவர் வந்து பின்பக்கம் நின்றார். பெரியவள் காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, மூச்சைவிட்டு, "தூக்கு," என்றாள். கண்ணாடி எழுந்தது. ஆளுக்கு இரண்டரை கிலோ. கையில் இருப்பதே தெரியவில்லை. அவள் நடந்தாள். ஒன்பது எட்டு வைத்தாள். "படி," என்று கூவினாள், இரண்டு எட்டு முன்னாலேயே, தேவைக்கு மேல் சத்தமாக.

கண்ணாடி மட்டமாக வந்தது.

"ஏங்க," என்றாள், திரும்பாமல். "இடுப்பையா மடக்குறீங்க?"

"இல்ல. முட்டிய."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நீ எங்க பாக்குற? முன்னாடியில்ல போற."

"கண்ணாடியப் பாக்குறேன்," என்றாள் பெரியவள். "வண்டி வருது, நில்லுங்க."